ஆறாம் மாச ராஜாங்கம்

வா தாயி, இந்தத் தூண்ல சாஞ்சு உக்காரு. மெட்ராஸ்லேருந்து ராத்திரி பூரா ரயில்ல வந்த இடுப்புக்குத் திண்ணைதான் தோது. மாப்ள, நீங்களும் உக்காருங்க. அந்தப் பெட்டியை இன்னும் எதுக்குச் சுமந்துக்கிட்டு நிக்கிறீக? மாசமா இருக்கறது அவ. ஒங்க வயித்தைப் பாத்தா அவளுக்கு முந்தி ஒங்களைத்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போகணும் போலருக்கு.

எத்தனை மாசம்டின்னு கேட்டேன், "24 வாரம் 3 நாளு அம்மாச்சி"ங்கறா. ஏ ஆத்தா, நான் என்ன வட்டிக் கணக்கா கேட்டேன்? ஆறாம் மாசம்னு சொன்னா வாய் வலிக்குமா?

ஆனா அந்த டாக்டரு கணக்குல ஒரு வேடிக்கை இருக்கு. கடைசியா வீட்டுக்குத் தூரமான மொத நாள்லேருந்து 280 நாளு எண்ணுறாக. 40 வாரம். அப்போ மொத ரெண்டு வாரம் வயித்துல பிள்ளையே கிடையாது. குடி வராத வீட்டுக்கு ரெண்டு வாரம் வாடகை! இதை நர்சம்மாகிட்ட கேட்டேன், சிரிச்சுட்டுப் போயிருச்சு. அப்புறம் நானே உக்காந்து வகுத்துப் பாத்தேன். 280 நாளை 28 நாளா வகுத்தா பத்து வருது. ஊரு ஒலகமெல்லாம் ஒம்பது மாசங்குது, நம்ம பொம்பளைக மட்டும் "பத்து மாசம் சுமந்து பெத்தேன்"னு பிள்ளைககிட்டக் கணக்குக் காட்டுறோமே, அதுல ஒரு நாளு கூடக் கூட்டிச் சொல்லலை, கேட்டுக்கோ.

சரி, விசயத்துக்கு வாரேன். நீ வந்து இறங்கி ஒரு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள ஏழு பேரு வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாக. ஒருத்தி பப்பாளி பக்கம் போகாதேன்னா. ஒருத்தி கையைத் தூக்கித் துணி காயப்போடாதேன்னா. இன்னொருத்தி வயித்தைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு "கூம்பா இருக்கு, பையன்தான்"னா. அவ வெளிய போக, உள்ள வந்தவ "அகலமா இருக்கு, பொண்ணுதான்"னா. ரெண்டு பேரும் பாத்தது ஒரே வயித்தை. ஆறாம் மாசத்துல ஒனக்கு மசக்கை நின்னுருச்சு தாயி. இப்போ மசக்கை பிடிச்சிருக்கறது அவுகளுக்கு. வாயத் தொறந்தா புத்திமதியா வருது.

எனக்கும் அந்தச் சீக்கு உண்டு. ஆனா நான் சொல்ற புத்திமதி வேற. மூணாம் மாசத்துல ஓங்கரிச்சு ஓங்கரிச்சு ஒடம்பு போச்சு. எட்டு, ஒம்பது வந்தா மூச்சு வாங்கும், புரண்டு படுக்க முடியாது. இடையில இருக்கு பாரு இந்த அஞ்சு, ஆறு, ஏழு, இதுதான் ஒன் ராஜாங்கம். வயிறு வெளிய தெரியும், ஆனா கனம் தெரியாது. ஊரு பூரா ஒனக்குப் பயப்படும், ஆனா ஒனக்கு ஒண்ணும் இருக்காது. இந்த மூணு மாசத்தை ஆளத் தெரியாதவ பொம்பளையே இல்ல. எப்படி ஆளறதுன்னு சொல்றேன். மாப்ள, நீங்க கேக்காத மாதிரி கேட்டுக்கோங்க.

இந்தப் பழைய ஆளுக சொல்ற சாங்கியம் எல்லாம் இருக்கே, அதை நம்புறதும் வேண்டாம், எதுத்துப் பேசுறதும் வேண்டாம். எதுக்கு உண்டாக்குனாகன்னு பாரு. "மாசமா இருக்கறவ ஆசைப்பட்டதைக் கொடுக்கலைன்னா பிறக்குற பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்"னு சொல்லுவாக. காதுக்கும் ஆசைக்கும் என்னடி சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்ல. எவளோ ஒரு கெட்டிக்காரி, கஞ்சப் புருசனுக்கு வாக்கப்பட்டவ, கட்டிவிட்டது. 1966-ல ஒங்க அம்மா என் வயித்துல ஆறு மாசம். ஒங்க தாத்தா கதை தெரியும்ல, தீக்குச்சியை ரெண்டாக் கிழிச்சுப் பத்தவைக்கிற மனுசன். "எனக்குச் சாத்தூரு காரச்சேவு திங்கணும் போலருக்கு"ன்னேன். காதுல வாங்காத மாதிரி போனாரு. மறுநாளு எங்க ஆத்தா வந்து, அவரு காதுபடச் சொன்னா: "போன வருசம் மேலத்தெருவுல ஒரு பிள்ளைக்குக் காதுல சீழு. வைத்தியத்துக்கு முப்பது ரூபா ஆச்சாம்." அன்னிக்குச் சாயந்தரமே சைக்கிளை மிதிச்சு வைப்பாத்துப் பாலத்தைத் தாண்டிப் போயி வாங்கியாந்தாரு. மனுசனுக்கு என் மேல பாசமில்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்குப் போனது பாசத்துல இல்ல, முப்பது ரூபாயில.

கிரகணமும் அப்படித்தான். ஒங்க சின்ன மாமா வயித்துல இருக்கும்போது 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, பெரிய சூரிய கிரகணம். கர்நாடகத்துப் பக்கமெல்லாம் பட்டப்பகல்ல இருட்டாச்சாம். நம்ம ஊர்ல அரைகுறை. மத்தியானத்துலேருந்து பொழுது சாயுறமட்டும் மாசமா இருக்கறவ வெளிய வரக்கூடாது, காய் நறுக்கக்கூடாது, ஊசி நூல் தொடக்கூடாதுன்னு அறைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டாக. ரெண்டு பிள்ளை, நாலு மாடு, பதினோரு பேருக்குச் சமையல்னு கிடந்தவ நான். கல்யாணமாகி வந்த பதினஞ்சு வருசத்துல பகல்ல கண்ணசந்து ஒறங்குனது அந்த ஒரு நாளு. இன்னும் ரெண்டு கிரகணம் வரட்டும்னு சூரியனைக் கும்பிட்டேன். கிரகணத்தால பிள்ளைக்கு ஒதடு பிளக்கும்னு சொல்றதெல்லாம் பொய். வெறுங்கண்ணால அண்ணாந்து பாக்கக்கூடாது, அம்புட்டுத்தான், அது யாருக்கும் பொது. ஆனா எவளாச்சும் ஒன்னைய "உள்ள போயிப் படு"ன்னு சொன்னா, சயின்ஸ் பேசாத. போயிப் படு.

இப்போ ஒன் ஒடம்புல நடக்கறதைச் சொல்றேன். ஒன் போன்ல காட்டுனியே, பிள்ளை இந்த வாரம் சோளக்கதிர் அளவு, போன வாரம் பப்பாளி அளவுன்னு. நல்லாருக்குடி நியாயம்! பப்பாளி திங்காதேன்னு ஊரு சொல்லுது, வயித்துல இருக்கறதே பப்பாளின்னு போனு சொல்லுது. (பழுத்த பப்பாளி நாலு துண்டு தின்னா ஒண்ணும் ஆகாது. பால் வடியுற காயைத்தான் தொடவேண்டாம்.) ஒரு பிள்ளையை எதுக்குடி காய்கறிக் கடைத் தராசுல வைக்கிறாக? நேரா சொல்லு: அஞ்சு மாசத்துல கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, இப்போ அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, ஏழு முடியும்போது ஒரு கிலோ. நீளம் இப்போ பள்ளிக்கூடத்து அடிஸ்கேல் ஒண்ணு.

அதனாலதான் "ரெண்டு பேருக்குச் சாப்பிடு"ன்னு எவளாச்சும் இலை நெறைய அள்ளி வச்சா சிரிப்பு வருது. ரெண்டாவது ஆளு எடை 600 கிராமு. அவனுக்கோ அவளுக்கோ ஒரு முழுச் சாப்பாடு எதுக்கு? கூட ஒரு டம்ளர் பாலு, ஒரு முட்டை, ஒரு கை அவிச்ச கடலை போதும். சுகாதார நிலையத்துல 350 கலோரின்னு எழுதி ஒட்டியிருக்கே, அது இதுக்குள்ள அடங்கிரும். வாரத்துக்கு அரைக் கிலோவாட்டம் எடை ஏறுனா சரியாப் போகுதுன்னு அர்த்தம். இன்னொரு வகையும் இருக்காக, "கொறச்சுத் தின்னு, பிள்ளை பெருத்தா சுகப்பிரசவம் ஆகாது"ம்பாக. அவுக சொல்றதைக் கேட்டு வயித்தைக் கட்டாத. பிள்ளை இளைக்கறதுக்கு முந்தி நீ இளைச்சுப் போவ.

துடிப்பு தெரியுதான்னு கேட்டேன், வெக்கப்படுறா பாரு. தலைச்சனுக்கு அஞ்சாம் மாசம் ஆகும் தெரிய. மொதல்ல வாய்வுன்னுதான் நெனப்போம். வண்ணாத்திப்பூச்சி அடிக்கற மாதிரி, கெண்டைமீனு வாலை ஆட்டுன மாதிரி, சின்னதா ஒண்ணு. எனக்கு மொத தடவை தெரிஞ்சப்போ நான் மொளகாச் செடிக்குக் களை எடுத்துக்கிட்டிருந்தேன். எறும்பு ஏறிருச்சுன்னு சேலையை உதறுனேன். உதறி முடிச்சப்புறம் மறுபடி ஒண்ணு. அப்படியே பாத்தியில உக்காந்துட்டேன். பக்கத்துல களை எடுத்தவ "என்னடி"ன்னா. ஒண்ணுமில்லன்னேன். சொல்லத் தோணல. அது எனக்கு மட்டும் வந்த சேதி மாதிரி இருந்துச்சு.

ஆறாம் மாசத்துல அது சேதி இல்ல, தண்டோரா. நீ நடமாடிக்கிட்டே இருந்தா தொட்டில் ஆட்டுனாப்புல அது ஒறங்கும். நீ "அப்பாடா"ன்னு படுத்தா அது எந்திரிச்சுச் சிலம்பம் சுத்தும். மாப்ள கை வச்சாருன்னா சட்டுன்னு அடங்கிரும். அதைப் பாத்து மனசு ஒடைஞ்சு போகாதீங்க மாப்ள, பெரியவுக வந்தா அடங்கி இருக்கற பிள்ளைன்னு நெனச்சுக்கோங்க. இன்னும் பத்து வருசத்துல அதுவும் நடக்காது. நஞ்சு முன்பக்கம் ஒட்டியிருந்தா ஒதை கொஞ்சம் மெத்தையில விழுந்த மாதிரி மங்கலாத்தான் தெரியும், ஸ்கேன் சீட்டுல எழுதியிருப்பாக. ஆனா 24 வாரம் ஆகியும் எந்தத் துடிப்புமே தெரியலைன்னாலோ, துடிச்சிக்கிட்டிருந்தது ஓஞ்சு போச்சுன்னு பட்டாலோ, என்கிட்ட வந்து கேக்காத. பக்கத்து வீட்டுல கேக்காத. ஆசுபத்திரிக்குப் போ.

இந்த மாசத்துல காதும் கேக்க ஆரம்பிச்சுரும். ஒன் நெஞ்சு அடிக்கறது, ஒன் கொடலு உருளுறது, ஒன் பேச்சு, எல்லாம் தண்ணிக்குள்ளேருந்து கேக்குமாம். அபிமன்யு கதை சொல்லுவாகளே, சுபத்திரை வயித்துல இருந்துக்கிட்டே சக்கர வியூகத்துக்குள்ள போற வழியைக் கேட்டான், அவ ஒறங்கிட்டதால வெளிய வர்ற வழியைக் கேக்கலைன்னு. எனக்கு அந்தக் கதையில ஒரு வருத்தம் உண்டு. எல்லாரும் ஒறங்குனவளைத்தான் சொல்றாக. சொன்னது கிருஷ்ணரோ அர்ச்சுனரோ, வயித்துப்பிள்ளைக்காரியை உக்காத்தி வச்சு யுத்த வியூகம் சொன்னா அவ ஒறங்காம என்ன பண்ணுவா? நீங்க ஆபீசு கதை சொன்னாலும் இவ ஒறங்கத்தான் போறா மாப்ள. கோவிச்சுக்காதீங்க.

ஏழாம் மாசம் ஒனக்கு வளைகாப்பு. வேப்பங்குச்சிக் காப்பும் கண்ணாடி வளையலும் முழங்கை வரைக்கும் அடுக்குவாக. அந்தச் சத்தம் பிள்ளைக்கு நல்லதுன்னு சொல்லுவாக. நல்லதுதான். ஆனா அது மாமியாருக்கும் நல்லது; மருமக அடுக்களையில இருக்காளா, கட்டில்ல இருக்காளான்னு கூடத்துலேருந்தே தெரியும்ல? எனக்கு அது ரெண்டாவது பிள்ளையிலதான் வெளங்குச்சு. அதுக்கப்புறம் படுத்துக்கிட்டே நிமிசத்துக்கு ஒரு தடவை கையைக் குலுக்குவேன். "பாவம், மாசமா இருக்கறவ எம்புட்டு வேலை பாக்குறா"ன்னு எங்க மாமியாரு ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாக. ஒனக்கு என் சொத்துல நெலம் கிடையாது தாயி, இதை வச்சுக்கோ.

நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னியே. கரிச்சா பிள்ளைக்குத் தலை நெறைய முடின்னு நான் சொன்னதும், மாப்ள ஒரு சிரிப்புச் சிரிச்சாரு, கிழவி கதைன்னு. இரு, இதுல நான் ஜெயிச்சுட்டேன். என் பேரன் போன்ல படிச்சுச் சொன்னான். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்னு பெரிய ஆசுபத்திரி. அங்க இருக்கற படிச்சவுக இந்தக் கிழவி கதை பொய்னு காட்டணும்னே மாசமான 64 பொம்பளைகளை வச்சுப் பாத்தாகளாம். 2006-ல வெளிய வந்துச்சு. நல்லா நெஞ்சு கரிச்ச 28 பேர்ல 23 பேருக்குப் பிள்ளை முடியோட பிறந்துச்சாம். கரிக்கவே இல்லைன்னு சொன்ன 12 பேர்ல 10 பேருக்கு மொட்டையோ கொஞ்சூண்டோதான். எந்தச் சுரப்பு வயித்து மூடியைத் தளர்த்திப் புளிப்பை மேல ஏத்துதோ, அதுவேதான் முடிக்கும் காரணமா இருக்கும்னு யோசிச்சாக. 64 பேரு கொஞ்சம்தான், அதை வச்சு ஊருக்கே சட்டம் போட முடியாது. ஆனா எனக்கு அது போதும். ஒங்க பக்கத்து ஆளுக வழுக்கையைப் பாத்தா அவுக ஆத்தாமாருக்கு நெஞ்சே கரிச்சிருக்காது மாப்ள. நீ ஒரே மூச்சுல வயிறு முட்டத் திங்காம, கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு. தின்னதும் படுக்காத. காரத்தைக் கொற.

காரத்தைக் கொறன்னு சொன்னேன்ல? ஞாபகம் வச்சுக்கோ. பின்னால தேவைப்படும்.

ஆணா பொண்ணான்னு என்னையக் கேக்காத. அஞ்சாம் மாச ஸ்கேன்ல தலையிலேருந்து கால் வரைக்கும், இருதயத்துல நாலு அறை இருக்கான்னு வரைக்கும் பாத்துட்டாக. அந்த ஒண்ணை மட்டும் சொல்லமாட்டாக. 1994-லயே சட்டம் போட்டாச்சு. கேக்கறதும் குத்தம், சொல்றதும் குத்தம். எதுக்குப் போட்டாகன்னு ஒனக்குச் சொல்ல வேண்டியதில்ல. கள்ளிப்பாலு கதையெல்லாம் நம்ம சீமைக்கு வெளிய இருந்து வந்ததில்ல. நான் வயித்தைப் பாத்துச் சொன்னது இதுவரைக்கும் பாதிக்குப் பாதி பலிச்சிருக்கு. ஊர்ல அதுக்கே எனக்குக் கைராசிக்காரின்னு பேரு. இருக்கறதே ரெண்டு, இதுல பாதி பலிக்காம எங்க போகும்?

குங்குமப்பூ வாங்கியாந்திருக்காகளாம், சம்பந்தி வீட்டுல. பாலைச் செவப்பாக்கும். அதுக்கு மேல அதால முடியாது. ஒன் கருப்பும் மாப்ள கருப்பும் சேந்து எந்தக் கருப்பு வரணுமோ அது முடிவாகி மாசக்கணக்காச்சு. பாலைக் குடி, பூவை எடுத்து வை, பிரியாணிக்கு ஆகும்.

ஆனா இரும்பு மாத்திரை விசயத்துல மட்டும் நான் செஞ்ச தப்பை நீ செய்யாத. கடைசிப் பிள்ளைக்கு நர்சம்மா வீடு தேடி வந்து கொடுத்துச்சு. "மாத்திரை தின்னா பிள்ளை கருத்துப் போகும், பெருத்துப் போகும்"னு எவளோ சொன்னா. அம்புட்டையும் மாட்டுக் கொட்டகைச் சுவத்துப் பொந்துல போட்டு அடைச்சேன். அந்தச் சுவரு இன்னிக்கும் கல்லு மாதிரி நிக்குது. நான்தான் பிள்ளை பெத்து ஆறு மாசம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன். மாசமா இருக்கும்போது ஒடம்புல ரத்தம் ஏறக்கொறைய ஒண்ணரை மடங்காகுது. ஆனா தண்ணிதான் கூட ஏறுது, செவப்பு அந்த வேகத்துக்கு ஏறல. ஒரு செம்பு மோரை விருந்தாளி வந்தாகன்னு தண்ணி ஊத்தி ஒண்ணரைச் செம்பாக்குன கதை. அதான் 11-க்குக் கீழ போனா ரத்தசோகைன்னு எழுதுறாக. தெனம் ஒண்ணு, 180 நாளு. காப்பியோட, டீயோட, பாலோட விழுங்காத, சத்து ஒட்டாது. எலுமிச்சைத் தண்ணியோட போடு. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேற நேரத்துக்குத் தள்ளு. வெளிக்குக் கருப்பாப் போகும், பயப்படாத. கருக்கறது அதுதான், பிள்ளை இல்ல.

சர்க்கரைப் பரிச்சை ஒண்ணு வைப்பாக, இந்த 24-லேருந்து 28 வாரத்துக்குள்ள. 75 கிராம் குளுக்கோசைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கச் சொல்லிட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்து "சர்க்கரை இருக்கா"ன்னு பாக்குறது. அவுகளே கள்ளை ஊத்திக்கொடுத்துட்டு அவுகளே வாயை ஊதச் சொல்றாகளேன்னு நெனச்சேன். நர்சம்மாதான் வெளக்குச்சு. நல்ல ஒடம்பு ரெண்டு மணி நேரத்துல அதை அடக்கிரும். 140-ஐத் தொட்டா அடக்க முடியலைன்னு அர்த்தம். வெறும் வயித்தோட வரணும்னு கூட இல்லாம, நம்ம மாதிரி பஸ்சு பிடிச்சு வர்றவுகளுக்குத் தோதா இந்த முறையைக் கொண்டாந்தது மெட்ராஸ் டாக்டரு சேஷய்யாவாம். அவரு பிறந்த மார்ச் 10-ஐத்தான் நாடு பூரா கர்ப்பகாலச் சர்க்கரைக்குன்னு ஒரு நாளா வச்சிருக்காக. வந்துட்டா இடி விழுந்த மாதிரி உக்காராத. பல பேருக்குச் சாப்பாட்டுலயும் நடையிலயுமே அடங்கிரும், அடங்காதவுகளுக்கு ஊசி.

மத்ததெல்லாம் சில்லறை. தொப்புளுக்கு மேலயும் கீழயும் கரும்பேனா வச்சு இழுத்த மாதிரி கோடு வரும், பெத்தபிறகு மங்கிப் போகும். வயிறு விரியும்போது நமநமன்னு அரிக்கும், தேங்காயெண்ணெய் தடவு. தழும்பை அது தடுக்காது, அரிப்பைத்தான் அடக்கும். உள்ளங்கை உள்ளங்கால் ராத்திரியில விடாம அரிச்சா மட்டும் எண்ணெயோட நிக்காம டாக்டருகிட்டச் சொல்லு. பல்லு தேய்ச்சா ஈறுல ரத்தம் கசியும். தும்முனா அடிவயித்துல சுருக்குன்னு ஒண்ணு பிடிச்சு இழுக்கும். வச்ச எடம் மறந்துபோகும், போன வாரம் நீ பிரிட்ஜுக்குள்ள செருப்பை வச்சதா மாப்ள சொன்னாரு. நடுராத்திரி கெண்டைக்காலு சுண்டி இழுக்கும். அப்போ கத்து. மாப்ள எந்திரிச்சுக் குதிகாலைப் பிடிச்சுக்கிட்டுப் பாதத்தை முழங்காலு பக்கமா மடக்குவாரு. தாலி கட்டுனதுக்கு அதுகூடப் பண்ணலைன்னா எப்படி?

புரண்டு படுக்கும்போது எந்திரிச்சு உக்காந்து படு, இல்லைன்னா கொடி சுத்திக்கும்னு ஒங்க அம்மா சொல்லுவா. நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு எங்க ஆத்தா. பிள்ளை உள்ள நாளைக்கு எத்தனை குட்டிக்கரணம் அடிக்குதுன்னு எண்ண முடியாது. நீ இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் திரும்புனதாலயா கொடி சுத்தும்? இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, அது நல்லது. எந்திரிக்கும்போது பக்கவாட்டுல கையை ஊனி எந்திரி. ஒங்க அம்மாகிட்ட மட்டும் நான் சொன்னேன்னு சொல்லிறாத. நாப்பது வருசமா அவ அதை நம்பி ஊர்ல இருபது பேருக்குச் சொல்லிக்கிட்டிருக்கா.

வயிறு அப்பப்போ கல்லு மாதிரி இறுகி விட்டுரும். சூட்டு வலிம்பாக, சீரகத் தண்ணி கொடுப்பாக. தண்ணி குடிச்சு, கொஞ்சம் படுத்தா விட்டுருச்சுன்னா சரி. விடாம, நேரம் வச்சு, திரும்பத் திரும்ப வந்தாலோ, ரத்தமோ தண்ணியோ பட்டாலோ, சீரகம் வறுக்கற நேரத்துல 108 வந்துரும். வண்டியைக் கூப்பிடு.

காலு வீங்கியிருக்கா, காட்டு. ம். அமுக்குனா குழி விழுது. ரயில்ல தொங்கப்போட்டு வந்த காலு, ராத்திரி ஒறங்கி எந்திரிச்சா வத்திரும். மொகத்தைத் திருப்பு. கையை மடக்கு. மோதிரம் கழலுதா? சரி.

எதுக்கு இப்படிப் பாக்குறேன்னு கேக்குறியா? எனக்கு ஒரு அக்கா இருந்தா. ஒங்க அம்மாவுக்கே அவளைத் தெரியாது. எனக்குப் பதினாலு வயசு இருக்கும்போது அவளுக்கு ஏழாம் மாசம். ஒரு வாரத்துல மொகம் பூரிச்சுப் போச்சு. கை விரலெல்லாம் வாழைப்பூ மாதிரி. "பிள்ளைக்களை வந்திருச்சு பாரு"ன்னு எங்க ஆத்தா திருஷ்டி சுத்திப் போட்டா. தலை வலிக்குதுன்னா, பத்துப் போட்டாக. கண்ணுல மின்மினி பறக்குதுன்னா, பித்தம்னாக. மேல்வயிறு வலிக்குதுன்னா, ஓமத்தண்ணி கொடுத்தாக. ராத்திரி கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. கோடாங்கியைக் கூட்டியாந்தாக. அவன் விடியவிடிய உடுக்கு அடிச்சான். விடிஞ்சப்புறம் வண்டி கட்டுனாக, சாத்தூரு ஆசுபத்திரிக்கு. பாலம் தாண்டல.

அது ரத்தக் கொதிப்புன்னு எனக்கு முப்பது வருசம் கழிச்சுத்தான் தெரியும். அஞ்சாம் மாசத்துக்கு மேல யாருக்கும் வரலாமாம். கையில பட்டையைக் கட்டிக் காத்தடிச்சுப் பாக்குறாகளே, மேல 140, கீழ 90, அதுல எது வந்தாலும் சும்மா இருக்கக்கூடாது. அந்தப் பட்டை எங்க அக்கா கையில ஒரே ஒரு தடவை ஏறியிருந்தா போதும். அதனாலதான் நர்சம்மா காத்தடிக்கும்போதெல்லாம் நான் தலையை நீட்டுறேன். எழுத்து தெரியாது, நம்பரு தெரியும். எல்லாத்துலயும் வெளையாடு தாயி. தலைவலி, கண்ணு மங்கல், மேல்வயித்து வலி, திடீர்னு மொகவீக்கம், இதுல வெளையாடாத. எந்தக் கிழவி சொன்னாலும் கேக்காத. நான் சொன்னாலும்.

சரி, சரி, கண்ணைத் தொடை. வயித்துக்குள்ள ஒரு ஆளு கேட்டுக்கிட்டிருக்கு.

மாப்ள, நீங்க எதுக்கு இப்போ தொண்டையைச் செருமுறீக? ஒங்களுக்கும் வேலை இருக்கு. வண்டியை எடுங்க. பொழுதுக்குள்ள சாத்தூரு போயிட்டு வந்துரலாம். இவளுக்குக் காரச்சேவு மேல ஆசை வந்திருக்கு, பாருங்க மொகத்தை. அரைக் கிலோ வாங்குங்க. ஆசைப்பட்டது கிடைக்கலைன்னா பிள்ளைக்குக் காதுல என்ன ஆகும்னு மேலத்தெருவுல கேட்டுப் பாருங்க.

என்ன தாயி முழிக்குற? நெஞ்சு கரிக்குதா? நீ திங்க வேண்டாம். காரம் ஆகாதுன்னு நான்தான் அப்பவே சொன்னேனே. மாப்ள போனதும் அந்தப் பாக்கு ஒரலை மட்டும் எடுத்து வை. எனக்குப் பல்லு இல்ல, இடிச்சுத்தான் திங்கணும்.